விதைக்கு விட்ட கிழங்கு

2022 நெருக்கடியில் மரக்கறி விலை கைக்கெட்டாமல் போனபோது, நம்மில் பலர் உரப்பையிலும் பழைய வாளியிலும் வெண்டி, கத்தரி நட்டோம். சில வீடுகளில் அது இன்னும் தொடர்வது சந்தோஷம். ஆனால் விதையை மட்டும் ஒவ்வொரு முறையும் கடையில் பக்கற்றாகவே வாங்குகிறோம். அதனால்தான் இங்கிலாந்துக் கிழங்கொன்றின் வரலாற்றை இங்கே எழுதுகிறோம்.

அதன் பெயர் பார்ஸ்னிப். கரட்டின் குடும்பம், நிறம் வெளிர் வெள்ளை. சீனி அருமையாக இருந்த காலத்தில் ஐரோப்பியர் இனிப்புக்காகவும் இதைச் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1940இல், பிரித்தானியாவுக்கு வாழைப்பழம் வருவது நின்றபோது, இதை அவித்து மசித்து, வாழைப்பழ எசன்ஸ் கலந்து பாணில் பூசிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் காட்டில் தானாக முளைக்கும் பார்ஸ்னிப்பின் வேர் மெல்லியது, நார் நிறைந்தது, கிளை கிளையாகப் பிரிவது. 1847 அளவில் ஜேம்ஸ் பக்மன் என்பவர் அந்தக் காட்டுச் செடியின் விதையைச் சேகரித்தார். சைரன்செஸ்டர் விவசாயக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பேராசிரியர் அவர். கல்லூரித் தோட்டத்தில் அதை விதைத்து, கிழங்குகளில் நேரானதையும் பருத்ததையும் தெரிந்தெடுத்து, அவற்றிலிருந்தே அடுத்த விதையை எடுத்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்படியே செய்தார்.

இதிலுள்ள கஷ்டத்தை நாம் கவனிக்க வேண்டும். பார்ஸ்னிப் முதல் வருடம் கிழங்கு வைக்கும், இரண்டாம் வருடம்தான் பூத்து விதை தரும். ஆகவே விதை வேண்டுமென்றால் தோட்டத்தின் மிகச் சிறந்த கிழங்கைச் சமைக்கவே முடியாது. அதைத் திரும்ப மண்ணில் வைக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்த இனத்துக்கு ‘ஸ்ரூடன்ட்’, அதாவது மாணவன், என்று பெயர் வைத்தார்கள். 1860இல் சட்டன்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்கு விட்டது. டார்வினும் 1868இல் வந்த தம் நூலில் பக்மனின் இந்தச் சோதனையைக் குறிப்பிட்டார். அந்த விதை இன்றும் விற்பனையில் இருக்கிறது. போட்டிக்காகப் பார்ஸ்னிப் வளர்ப்போர் பெரிய பரல்களில் மணல் நிரப்பி, ஆழமாகத் துளையிட்டு, துளைக்குள் நயமான மண் போட்டு, ஒரு மீற்றருக்கும் நீளமான கிழங்கு எடுக்கிறார்கள்.

நமது கரையோர வெயிலுக்குப் பார்ஸ்னிப் சரிவராது. பக்மன் செய்த வேலை சரிவரும். நம் மூத்தம்மாமார் அதைச் செய்தவர்கள்தான். நல்ல பீர்க்கை, நல்ல வெண்டியை விதைக்கென்று கொடியிலும் செடியிலும் முற்ற விட்டு, சாம்பல் கலந்து அடுப்படியில் பத்திரப்படுத்தினார்கள். நாமோ நல்லதை எல்லாம் கறிக்கு ஆய்ந்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய சூம்பலைத்தான் விதைக்கு விடுகிறோம்.

இந்த முறை நாட்டு விதையில் தொடங்குவோம். கலப்பின விதையென்றால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. செழிப்பான செடியில் வரும் நல்ல காய் இரண்டுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, யாரும் பறிக்காமல் முற்ற விடுவோம். விதை கூடுதலாகக் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுப்போம்.