வட்டுக்கோட்டையும் முதற்பட்டதாரிகளும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனெரிமார் 1823-ஆம் ஆண்டு தொடங்கிய செமினரியில் ஆங்கிலத்தோடு கணிதமும் வானசாஸ்திரமும் தமிழும் போதிக்கப்பட்டன. சுதேச ஊழியரை ஆயத்தப்படுத்துவதே ஸ்தாபகரின் நோக்கம். பெற்றோர் நோக்கமோ வேறு: ஆங்கிலம் கற்ற மகனுக்குக் கச்சேரியில் உத்தியோகம் கிடைக்கும் என்பதே. பாஸ்டனிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் இதைக் கண்டார். ஆங்கிலக் கல்வியே ஊழியத்துக்கு இடறல் என்று கருதினார். 1855-இல் செமினரி மூடப்பட்டது.

ஆண்டர்சன் கண்டது பொய்யன்று. ஆயினும் அம்முடிவு அவசரமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும், அதாவது சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், மூடப்பட்ட அச்செமினரியின் மாணாக்கரே.

அக்காலப் பட்டதாரிக்கு முன்னிருந்த வழிகள் சிலவே: பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம், நீதிமன்றம். தாமோதரம்பிள்ளை மூன்றிலும் நடந்தார். 1871-இல் பி.எல். பட்டம் பெற்று, பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது அத்தீர்ப்புகளால் அன்று. வீரசோழியத்தை 1881-இலும் கலித்தொகையை 1887-இலும் செல்லரித்த ஏடுகளிலிருந்து அச்சேற்றிய உழைப்பினால். அவ்வுழைப்புக்கென்று அக்காலத்தில் பட்டமுமில்லை, சம்பளமுமில்லை.

அவர் சைவராக 1901-இல் மறைந்தார். ஊழியத்துக்கென்று வட்டுக்கோட்டை எதிர்பார்த்த பலன் அடுத்த தலைமுறையில், எதிர்பாராத வழியில் வந்தது. அவர் குமாரர் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயருடன் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் போதித்தார். ஜி. இ. பிலிப்ஸுடன் சேர்ந்து 1921-இல் சைவ நாயன்மார் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே.