சைபர்

"கணக்கில் சைபர்" என்று போன தலைமுறை சொன்ன அதே சொல்தான் ராணுவச் சங்கேத எழுத்துக்கும் பெயர். வெறுமையைக் குறிக்கும் சமஸ்கிருத 'சூன்ய', அரபியில் 'ஸிஃப்ர்' என்று பெயர்க்கப்பட்டது. லத்தீனில் அது 'சிஃப்ரா'. எழுத்துக்குப் பதில் எண்ணை வைத்து ரகசியம் எழுதும் பழக்கம் பெருக, பூஜ்யம் மறைமொழியாயிற்று.

போலிஷ் மொழியில் இது 'ஷிஃபர்'. 1918 நவம்பரில் போலந்து மறுபடி தனி நாடானபோது எல்லைகளே உறுதியாகவில்லை; சோவியத் ரஷ்யாவோடு மோதல் வேறு. மறு ஆண்டே யான் கொவலெவ்ஸ்கி என்ற இளம் அதிகாரி சோவியத் தந்திகளை உடைத்தார். அவர் தேடியது 'திவிஸியா' என்ற ரஷ்யச் சொல்லை, அதாவது படைப்பிரிவை. ரஷ்ய லிபியில் ஏழே எழுத்து, இரண்டாவது, நான்காவது, ஆறாவது மூன்றும் ஒன்றே. எந்தக் குறி அப்படி ஒன்றுவிட்டு ஒன்று வருகிறதோ, அங்கே பூட்டு திறந்தது. ராணுவத்தாருக்கு வாய்ப்பாடான சொற்களை விட முடிவதில்லை!

பிறகு கணித வல்லுநர்களைச் சேர்த்தார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம். சங்கேதப் பிரிவின் பெயரே 'பியூரோ ஷிஃப்ரூவ்'. அங்கே 1932 கடைசியில் மரியன் ரெயெவ்ஸ்கி ஜெர்மன் சங்கேதப் பொறியான எனிக்மாவின் உள்கம்பி இணைப்பைச் சமன்பாடுகளால் கண்டுபிடித்தார். 1939 ஜூலையில், போருக்குச் சில வாரங்களே இருக்க, அந்த வித்தையை பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் கொடுத்தார்கள்.