விஹார் ஏரியின் மண்கரை

மும்பையில் வாழும் நாம், குழாயைத் திருகியதும் நீர் வருவதை இயல்பான காரியமாகக் கொண்டுவிட்டோம். அந்நீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஏழு நீர்த்தேக்கங்கள் இந்நகருக்கு நீரூட்டுகின்றன. அவற்றுள் மூத்தது, சால்செட் தீவின் மலைக்காட்டினுள் கிடக்கும் விஹார் ஏரி. அதன் நீரைத் தாங்கி நிற்பது கருங்கல் மதிலன்று. மண்ணைக் கொட்டி இறுக்கிய கரையே. அக்கரையின் வரலாற்றையும், மண்ணணை எதனால் நிற்கிறது, எதனால் வீழ்கிறது என்பதையும் இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பழைய பம்பாய்த் தீவில் ஆறு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. கிணறுகளையும் குளங்களையும் நம்பியே மக்கள் வாழ்ந்தனர். வாணிகம் பெருகிற்று, குடிகளும் பெருகினர், நீர் மட்டும் பெருகவில்லை. 1850களின் நடுவில் மழை குறைந்தபோது ஊர் தவித்தது. 1853இல் இந்நகருக்கு இருப்புப்பாதை வந்தது. மூன்றாண்டு கழித்து, 1856இல், ஹென்றி கானிபேர் என்னும் பொறியாளரின் திட்டப்படி விஹார் வேலை தொடங்கிற்று. மித்தி ஆற்றின் தலைப்பகுதியை மண்கரைகளால் மறித்து ஏரி அமைத்தனர். 1860இல் அந்நீர் இரும்புக் குழாய் வழியே நகருக்குள் வந்தது. பின்னர் 1879இல் துளசி ஏரியும், 1891இல் போவாய் ஏரியும் எழுந்தன. போவாய் நீர் குடிப்பதற்கு உதவவில்லை. விஹாரும் துளசியும் இன்றும் குடிநீர் தருகின்றன.

இன்று ஏழு நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவில் இவ்விரண்டின் பங்கு நூற்றுக்கு இரண்டரை அளவே. ஆயினும் விஹார் ஒன்றே ஏறத்தாழ 2,770 கோடி லிட்டர் கொள்ளும். அவ்வளவு நீர் நகரின் எல்லைக்குள்ளேயே, மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளுக்கு மேலே தேங்கி நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

மண்ணணையின் அமைப்பு எளிது. நடுவே நீர் புகாத களிமண், இருபுறமும் கனமான மண்சரிவு, நீர்ப்பக்கத்தில் அலை அரிக்காதபடி கல் பதிப்பு, மறுபக்கத்தில் புல். ஊரில் ஏரிக்கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. அதன் பகைவரும் பழைய பகைவரே. கலிங்கு அடைபட்டோ போதாமலோ நீர் கரைமேல் வழிந்தால், சில மணி நேரத்தில் கரை கரைந்துவிடும். மர வேர்களும் எலி வளைகளும் உள்ளே வழி திறக்கும். சிறிது கசிவு எல்லா மண்கரையிலும் உண்டு. தெளிந்த நீராய்க் கசியும் வரையில் பேரச்சமில்லை. கலங்கி வந்தால் உள்ளிருக்கும் மண் வெளியேறுகிறது என்று பொருள். அன்றே பார்த்தல் வேண்டும்.

இதற்கு மகாராஷ்டிரத்திலேயே இரண்டு துயரச் சான்றுகள் உண்டு. பூனாவுக்கு அருகே பான்ஷெட் மண்ணணை கட்டி முடியுமுன்பே 1961ஆம் ஆண்டு மழையில் நிரம்பியது. அடியில் செல்லும் நீர்வழியின் வேலை முற்றுப்பெறவில்லை. அதில் சேதம் நேர்ந்து மேலிருந்த மண் அமிழ்ந்தது, கரை தாழ்ந்தது. ராணுவத்தார் மணல் மூட்டைகளை அடுக்கிப் போராடியும் பயனில்லாமல், ஜூலை 12 அன்று அணை உடைந்தது. அவ்வெள்ளம் கீழேயிருந்த கடக்வாஸ்லா கல்லணையையும் உடைத்துக்கொண்டு பூனாவுக்குள் புகுந்தது. அந்நகருக்குக் குடிநீர் தந்து வந்தது கடக்வாஸ்லாவே. ஆகவே வெள்ளத்தில் வீடிழந்த மக்கள் குடிநீருக்கும் தவித்தனர். மற்றொன்று இரத்தினகிரி மாவட்டத்துத் திவரே அணை. சிறிய மண்ணணை, வயது இருபதுக்குள். கசிவைக் கண்ட ஊரார் முன்பே முறையிட்டிருந்தனர். 2019 ஜூலை 2 இரவு அது உடைந்து ஏறத்தாழ இருபது உயிர்களைக் கொண்டுபோயிற்று. நண்டுகள் துளையிட்டதே காரணம் என்று ஓர் அமைச்சர் கூறினார். நண்டு துளைத்ததென்றே கொள்வோம். துளையைப் பார்த்து அடைக்க வேண்டியவர் நண்டன்று.

வயது அணையைக் கொல்வதில்லை என்பது இவற்றால் விளங்கும். ஒன்று பிறக்குமுன் வீழ்ந்தது. மற்றொன்று இளமையில் வீழ்ந்தது. விஹாரோ நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோதும் அது உடையவில்லை. ஆனால் விஹாரின் மிகைநீர் இறங்கும் வழி மித்தி ஆறே. சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவையும், நம்மவர் பல்லாயிரவர் வாழும் தாராவியையும் ஒட்டி அது மாஹிம் கழியை அடைகிறது. குப்பையாலும் ஆக்கிரமிப்பாலும் அவ்வாறு குறுகிக் கிடந்ததன் துன்பத்தை அன்று கண்டோம். கரை உறுதியாயிருந்தாலும், வழிந்த நீர் செல்ல வழியில்லையேல் ஊருக்குக் காப்பில்லை.

2021இல் இயற்றப்பெற்ற அணைப் பாதுகாப்புச் சட்டம், 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளை மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யப் பணிக்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவும் அதனுள் அடங்கும். அதற்கும் சிறிய கரைகளுக்கு ஊராரின் கண்களே காவல். இது நம் முன்னோர் அறியாததன்று. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சபையார் குடவோலையால் தேர்ந்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. இரயில்வே குடும்பத்தினருக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். தண்டவாளம் உறுதியானதுதான், ஆயினும் கீமேன் நாள்தோறும் நடந்து பார்க்கிறார், மழைக்காலத்தில் இரவிலும் ரோந்து உண்டு. அவர் நடப்பதனாலேயே நாம் வண்டியில் உறங்குகிறோம். மண்கரைக்கும் அத்தகைய நடை வேண்டும்.

கரையில் கலங்கல் நீரைக் கண்டால் உரியவருக்கு உடனே தெரிவிப்பதும், மித்தியில் குப்பை கொட்டாதிருப்பதும் நம்மால் இயன்றவை. வந்த ஊரின் நீரைக் குடிக்கும் நமக்கு அந்நீரைத் தாங்கும் கரையின்பாலும் கடமை உண்டு.