அடைக்கோழியும் குஞ்சு பொரிப்பானும்

முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, முட்டைகளின் மேல் அமர்ந்து குஞ்சு பொரிக்க முனையும் பெட்டைக்கோழி அடைக்கோழி எனப்படுகிறது. அதற்கு முட்டை அடைவைப்பதைத் தமிழக ஊர்ப்புறங்களில் அவயம் வைத்தல் என்றும் சொல்வர். கோழிமுட்டை பொரிவதற்கு 21 நாட்கள் ஆகும்.

இயற்கை முறை

அடைக்கோழியின் வயிற்றுப் பகுதியில் இறகுகள் குறைந்து, தோலின் சூடு நேரடியாக முட்டையில் படுகிறது. கோழி அலகால் முட்டைகளை அவ்வப்போது புரட்டிவிடும். இரை எடுக்கவும் நீர் அருந்தவும் நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே எழுந்து செல்லும்.

கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைப்பது வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்ற நம்பிக்கையால் கரித்துண்டு, இரும்புத்துண்டு, மிளகாய் வற்றல் ஆகியவற்றையும் உடன் வைப்பர். குஞ்சு பொரியாமல் கெட்டுப்போவது கூமுட்டை. 28 நாட்களில் பொரியும் வாத்து முட்டையையும் கோழியே அடைகாத்துத் தரும்.

அறிவியலுக்குச் செய்த உதவி

கருவளர்ச்சி பற்றிய ஆய்வு அடைக்கோழியிடமிருந்தே தொடங்கியது. கோழியின் அடியில் 20 முட்டைகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்க்கும்படி இப்போக்கிரட்டீசு மரபைச் சேர்ந்த பண்டைய கிரேக்க மருத்துவ நூல் ஒன்று கூறுகிறது. அரிசுட்டாட்டிலும் முட்டைக் கருவின் வளர்ச்சியை விவரித்தார். மூன்று நாட்களுக்குப் பின் இதயம் இரத்தப் புள்ளி போலத் தெரியும் என்பது அவர் குறிப்பு. மார்செல்லோ மால்பிகி 1673-இல் இதே கருவை நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்து எழுதினார்.

கோழியின்றிப் பொரித்தல்

எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிப்பதை அரிசுட்டாட்டில் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் அங்கு செங்கல் அடுப்புகளில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் பொரிக்கப்பட்டன. வெப்பமானி இல்லாத நிலையில், முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூட்டை அறிந்தனர். பிரான்சின் ரெயோமூர் சாணத்தின் வெப்பத்தைப் பயன்படுத்திப் பார்த்து, 1749-இல் இது குறித்து நூல் வெளியிட்டார். அமெரிக்காவின் பெட்டலூமாவில் லைமன் பைசும் ஐசக் டயசும் 1879-இல் உருவாக்கிய பொரிப்பான் அவ்வூரைக் கோழிப்பண்ணைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடமாக்கியது. இன்றைய பொரிப்பான் சுமார் 37.5 டிகிரி செல்சியசு வெப்பத்தையும் போதிய ஈரப்பதத்தையும் தந்து, முட்டைகளைத் தானே திருப்புகிறது. கோழி செய்யும் வேலைகளைத்தான் அது அப்படியே செய்கிறது.

மறைந்துபோன குணம்

அடைகாக்கும் காலத்தில் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுந்து, முட்டையிடுதல் நின்றுவிடுகிறது. முட்டை விற்பவருக்கு இது இழப்பு. அதனால் அடையைத் தெளிவிக்கக் கோழியை நீரில் அமிழ்த்துவதும் மூக்கில் இறகு செருகுவதும் உண்டு. ஆனால் பொரிப்பான் வந்தபின் தாய்க்கோழியே தேவையில்லாமல் போனது. அடைகாக்காமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கினர். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரால் அறியப்படும் லெகார்ன் இனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளை முட்டைக்கோழிகள் இந்த வழியில் வந்தவையே. அவை ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடுகின்றன. அடைகாத்து, குஞ்சு வளர்க்கும் நாட்டுக்கோழி அதில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது.

இழப்பும் இருப்பும்

மலிவான முட்டை எல்லோர் தட்டுக்கும் வந்தது பெரும் நன்மை. எனினும் இக்கோழிகளின் அடுத்த தலைமுறை மின்சாரத்தையும் பொரிப்பகத்தையும் நம்பியே இருக்கிறது. தானே முட்டையிட்டு, தானே பொரித்து, பருந்திடமிருந்து குஞ்சைக் காத்து வளர்க்கும் திறன் நாட்டுக்கோழியிடம் இன்னும் இருக்கிறது. அடையைத் தெளிவிக்காமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை அவயத்தில் அமரவிடும் வீடுகளால்தான் அத்திறன் நிலைத்திருக்கிறது.