பொதுவழியும் திருவிழாக் கடைகளும்

விழிஞ்ஞம் என்னும் பெயர் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. ஆய் மன்னர்களின் துறைமுகமாய் விளங்கிய ஊர் அது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் அதன் அரணை வென்றதைச் செப்பேடுகள் பேசுகின்றன. பின்னாளில் இராசராச சோழனின் படையும் அவ்வூரை நாடி வந்தது. அக்காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் அங்கே உளது. 2010-இல் திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்த அவ்வூரில், 2025 மே 2-ஆம் நாள் புதிய பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இத்தகைய ஊரில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே விளங்குகின்றன. எந்தச் சமயத்தார் விழாவாயினும், விழா வந்தவுடன் வீதியோரத்தில் கடைகள் முளைத்துவிடும். வளையற்கடை ஒருபுறம், பொம்மைக்கடை ஒருபுறம், பொரியும் பேரீச்சம்பழமும் மற்றொருபுறம் எனப் பிள்ளைகளின் கண்கள் அங்குமிங்கும் அலையும். கடையில்லாத திருவிழாவை நம் குழந்தைகள் திருவிழாவென்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும், மீனேற்றிய வண்டியும், பேருந்தும், மருத்துவமனைக்கு விரையும் வண்டியும் செல்ல வேண்டிய வழியும் அதுவேயாகும். துறைமுகம் வளர வளர வண்டிகளும் பெருகும். விழா நாளில் வீதி யாருக்கு உரியது? இவ்வினாவுக்கு வரலாறு கூறும் விடையை நம் சங்கத்து அன்பர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டையோர் முறை

விழாவும் கடையும் பிரியாத் தோழர்கள் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். மதுரைக் காஞ்சி, பகலில் விளங்கிய நாளங்காடியையும் இரவில் விளங்கிய அல்லங்காடியையும் காட்டுகின்றது. இந்திர விழாக் கொண்டாடிய புகார் நகரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகள் இருந்தன. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மரச்சோலையில் நாளங்காடி அமைந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். மக்கள் கூடும் இடத்துக்கு அருகில், ஆனால் மக்கள் நடக்கும் வழியை அடைக்காமல், கடைக்கென ஓர் இடம் இருந்தது என்பதை இதனால் அறிகின்றோம்.

மதுரையை நோக்குவோம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகளே மாதங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தெய்வம் உலாப் போவதற்கென்றே வகுக்கப்பட்ட அகன்ற வீதிகள் அவை. சித்திரைத் திருவிழாத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகின்றது. திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்கென எழுப்பிய புதுமண்டபத்தில், காலப்போக்கில் தையற்காரரும் பாத்திர வணிகரும் புத்தக வணிகரும் இடம்பிடித்தனர். விழாவுக்கென்று அமைந்த இடத்தில் ஒருநாள் வைத்த கடை எவ்வாறு நிலைத்த கடையாகும் என்பதற்கு அம்மண்டபமே சான்று.

வழி பொதுவானது எங்ஙனம்?

முன்னோர் வகுத்த வீதிகள் அகன்றிருந்தன என்று பெருமை கொள்ளும் நாம், அவ்வீதிகள் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. பொதுவழி என்று இன்று எளிதாகச் சொல்லுகின்றோம். அச்சொல்லுக்குத் திருவிதாங்கூர் மண்ணில் கொடுக்கப்பட்ட விலை பெரிது.

விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. அவர் குலத்தார் பொதுச்சாலையில் நடக்கவும் இயலாதிருந்த காலம் அது. 1893-இல் அவர் ஒரு வில்வண்டியை வாங்கி, மேலாடை அணிந்து, தலைப்பாகை கட்டி, அச்சாலையிலேயே வண்டியை ஓட்டிச் சென்றார். வழிமறித்தவர் பலர், அவர் திரும்பவில்லை. அதன்பின் சந்தைக்குச் செல்லும் உரிமைக்காகவும் அவரும் அவர்தம் தோழரும் போராட வேண்டியதாயிற்று. சாலையில் நடக்கும் உரிமையும் சந்தையில் வாங்கும் உரிமையும் ஒரே போராட்டத்தின் இரு முகங்களாய் இருந்தன என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1924 மார்ச் 30-இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகமும் கோயிலைச் சூழ்ந்த சாலைகளைப் பற்றியதே. ஈ.வெ.ரா. பெரியார் தமிழ்நாட்டினின்று சென்று அதில் ஈடுபட்டுச் சிறை புகுந்ததை நம்மவர் அறிவர். 1925-இல் மூன்று புறச் சாலைகள் எல்லோர்க்கும் திறக்கப்பட்டன. கீழைச் சாலையோ 1936 நவம்பர் 12-இல் வெளியான ஆலயப் பிரவேச அறிக்கை வரையில் காத்திருந்தது.

இங்ஙனம் அரிதிற் பெற்ற பொதுவழியை ஒரு கூட்டத்தார் பக்தியின் பெயரால் அடைப்பதும், ஓர் ஏழை வணிகனை ஒழுங்கின் பெயரால் விரட்டுவதும் ஒருங்கே பிழையாம். முன்னதில் நடப்பவன் உரிமை போகின்றது. பின்னதில் பிழைப்பவன் உரிமை போகின்றது.

சட்டம் வகுத்த நெறி

பிரிட்டிஷ் இந்தியாவில் 1861-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டமே ஊர்வலங்களை நெறிப்படுத்தவும், திருவிழாக் காலத்தில் தெருவில் இசைக்கும் வாத்தியங்களுக்கு அளவு வகுக்கவும் காவல்துறைக்கு அதிகாரம் அளித்தது. மொகரம் ஊர்வலம் ஒன்றைப் பற்றிய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1925-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான அத்தீர்ப்பு, சமய ஊர்வலம் பொதுவீதி வழியே செல்லும் உரிமையை ஏற்றது. ஆனால் அதிகாரிகளின் முறையான கட்டளைக்கும், பிற மக்கள் வீதியைப் பயன்படுத்தும் உரிமைக்கும் அது கட்டுப்பட்டதே என்றும் வரையறுத்தது.

தெருவணிகரைப் பற்றிய தீர்ப்பு 1989-இல் வந்தது. சோதன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, தெருவோரத்தில் வாணிகம் செய்வதும் அரசியலமைப்பு அளிக்கும் தொழில் உரிமையில் அடங்கும் என்றது. அவ்வுரிமை தக்க கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதையும் உடன் கூறிற்று.

கேரளத்தில் 2010-இல் உயர்நீதிமன்றம் சாலைகளிலும் சாலையோரங்களிலும் பொதுக்கூட்டம் நடத்துவதைத் தடுத்தது. அதைத் தொடர்ந்து 2011-இல் பொதுவழிகளில் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் கட்டுப்படுத்தத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ தெருவணிகரின் பிழைப்பைக் காப்பதையும் ஒழுங்குபடுத்துவதையும் ஒருங்கே நோக்கமாகக் கொண்டது. ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வணிகர்களே இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். ஒருவரை இடம் பெயர்க்கு முன் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. ஒழுங்குபடுத்துதல் வேறு, ஒழித்தல் வேறு என்பதை இச்சட்டம் தெளிவாக்குகின்றது.

திருவனந்தபுரம் காட்டும் வழி

சட்டநூல் சொல்வதைக் கண்ணாற் காண விழைவோர் திருவனந்தபுரத்து ஆறாட்டைக் காணலாம். பத்மநாபசுவாமி கோயிலில் பங்குனியிலும் ஐப்பசியிலும் நடைபெறும் விழாக்களின் முடிவில் சுவாமி சங்குமுகம் கடலுக்கு எழுந்தருள்வார். அவ்வழியின் குறுக்கே, 1932-இல் தோன்றிய விமான நிலையத்தின் ஓடுபாதை அமைந்துள்ளது. விழாவும் நிற்கவில்லை, விமானமும் நிற்கவில்லை. ஆண்டில் இரண்டு நாள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுபாதை மூடப்படுகின்றது. விமானக் கம்பெனிகளுக்கு முன்னரே அறிவிப்புச் செல்கின்றது. ஊர்வலம் கடந்து திரும்பியபின் பாதை மீண்டும் திறக்கின்றது. நாள் தெரியும், நேரம் தெரியும், முடிவும் தெரியும். ஆதலால் எவர்க்கும் மனக்குறை இல்லை.

மாசியில் நடைபெறும் ஆற்றுகால் பொங்கல் மற்றோர் எடுத்துக்காட்டு. மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கோளூர் செல்லும் வழியில் தங்கிய இடம் ஆற்றுகால் என்பது மரபு. 1997-இல் 15 லட்சம் பெண்களும், 2009-இல் 25 லட்சம் பெண்களும் பொங்கலிட்டதாகக் கின்னஸ் நூல் பதிந்துளது. நகரத்துத் தெருக்களெல்லாம் அன்று அடுப்பங்கரையாகின்றன. அடுப்புக்கு வைத்த செங்கற்களை விழா முடிந்தபின் மாநகராட்சி திரட்டி, வீடற்ற ஏழையர்க்கு வீடு கட்டப் பயன்படுத்தும் வழக்கம் ஏற்பட்டிருப்பது போற்றத்தக்கது. 2021-இல் பெருந்தொற்றின் காரணமாக வீதியில் பொங்கலிடாமல் பெண்கள் தத்தம் வீட்டிலேயே பொங்கலிட்டனர். பக்தி குன்றிவிடவில்லை.

நாம் செய்யத்தக்கது

பிறர்க்கு உரைப்பதோடு நில்லாமல் நம்மையும் நோக்குதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வசித்த குடியிருப்பில் விழா எடுத்தபோது, தெருவின் குறுக்கே பந்தல் நட்டு இருபுறமும் கடைக்கு இடம் கொடுத்தோம். அன்றிரவு முதியவர் ஒருவருக்கு மார்வலி கண்டது. மருத்துவ வண்டி பந்தற்கால் அருகே நின்றுவிட்டது. அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கடைகளுக்கிடையே ஓடினோம். இறையருளால் அவர் பிழைத்தார். ஆனால் அந்த ஐம்பது கஜ தூரத்தை நாம் இன்றும் மறக்கவில்லை. பிழை கடைக்காரர்மேல் இல்லை. இடத்தை அளந்து கொடாத நம்மேல்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு கடைகளை நாம் விலக்கவில்லை. தெருவின் ஒரு புறத்தில் மட்டும் சுண்ணாம்புக் கோடிட்டு இடம் வகுத்தோம். வண்டி செல்லும் அகலம் விட்டோம். ஆண்டுதோறும் வரும் வளையற்காரிக்கும் பொம்மைக்காரருக்கும் முதலிடம் அளித்தோம். இரவு பத்து மணிக்குக் கடை கட்ட வேண்டும் என்றும், குப்பையை அவரவர் கூடையில் சேர்க்க வேண்டும் என்றும் முன்கூட்டியே உரைத்தோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வாணிகமும் குறையவில்லை.

அய்யன்காளியின் வில்வண்டி ஓடிய மண்ணுக்கு அண்டையில் வாழும் நாம், வழியைத் திறந்து வைத்தலும் ஒரு வழிபாடே என உணர்தல் வேண்டும். தெய்வம் உலா வரட்டும். பிள்ளைகள் பொம்மை வாங்கட்டும். நோயாளியின் வண்டியும் தடையின்றிச் செல்லட்டும். இம்மூன்றுக்கும் இடந்தரும் வீதியே நல்வீதி.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!