கட்டடக்கலைக் கல்வியும் குதைபியாவின் சுவர்களும்

சென்னையில் 1957இல் தொடங்கப்பெற்று இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி முதலாகத் தமிழகக் கல்லூரிகள் அனைத்திலும் பி.ஆர்க். என்பது ஐந்தாண்டுப் படிப்பு. மாணவர் தம் வரைபடங்களைச் சுவரில் மாட்டி, ஆசிரியரும் வெளியாரும் எழுப்பும் கேள்விகளுக்கு விடையிறுக்கும் 'ஜூரி' எனும் மதிப்பீடே அதன் உயிர்நாடி. தொழிலகப் பயிற்சிக்கெனவும் ஒரு பருவம் உண்டு. படிப்பை முடித்து, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொண்டவரே இந்தியாவில் 'ஆர்க்கிடெக்ட்' என்று தம்மை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் பஹ்ரைனில் தொழில்புரிய அப்பதிவு மட்டும் போதாது. கட்டடக்கலையை அந்நாடு பொறியியல் தொழில்களுள் ஒன்றாகவே கொள்வதால், அத்தொழில்களை நெறிப்படுத்தும் மன்றத்தின் உரிமமும் வேண்டும்.

உரிமத்தைவிட அரிது, அம்மண்ணின் வெப்பத்தையும் பொருள்களையும் அறிந்திருத்தல். 1869 முதல் ஆண்ட ஷேக் ஈசா பின் அலி வாழ்ந்த முஹர்ரக் மாளிகையின் காற்றுக்கோபுரம், உள்ளே குறுக்குச் சுவர்களால் நான்கு புழைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எத்திசைக் காற்றையும் பிடித்துக் கீழறைக்கு இறக்கவல்லது. சுவர்கள் பவளப்பாறைக் கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டவை. பழைய வீடுகளின் கூரையைத் தாங்கியவை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கண்டல் மரக் கழிகள். அக்கழிகள் ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு மேல் தாங்கா என்பதால் அறைகள் குறுகி நீண்டன. அறையின் அகலத்தை வரைந்தவர் முடிவு செய்யவில்லை, மரமே முடிவு செய்தது. 2008இல் எழுந்த பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கிடையே சுழலும் 29 மீட்டர் விட்டமுள்ள மூன்று காற்றாலைகளை வியக்கும் மாணவர் பலர். இந்தக் கழிக்கணக்கை வினவுவோர் சிலரே.

மனாமாவின் குதைபியாவில் காற்றுக்கோபுரத்துக்கு வேலையில்லை. அரண்மனைக்கும் நாடாளுமன்றத்துக்கும் அணித்தே, நம்மவர் பலர் குடியிருக்கும் பழைய அடுக்ககங்களில், சன்னலுக்குச் சன்னல் தொங்கும் ஏசி பெட்டிகள் அடுத்த வீட்டுச் சுவர்மீது வெப்பத்தை உமிழ்கின்றன. கடலோர உப்புக்காற்றில் உள்ளிரும்பு துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிக்கிறது. இத்தகைய கட்டடத்தை இடிக்காமல், குடியிருப்போரைப் பெயர்க்காமல் செப்பனிடும் திறமை வெற்று மனையில் வில்லா வரைவதால் வாய்ப்பதன்று. வளைகுடாவில் தொழில்புரிய விழையும் மாணவர், தம் பயிற்சிப் பருவத்தைப் புதுக்கட்டட அலுவலகத்தைவிடப் பழையன பழுதுபார்க்கும் அலுவலகத்தில் கழிப்பதே மேல்.