திசை தவறிய கிட்டிஹாக்

1942 ஜூன் கடைசி வாரம். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படைக்கு அடிமேல் அடி. 21ஆம் தேதி டோப்ருக், ஜெர்மன் தளபதி ரோமெல் வசமானது. அவருடைய டாங்கிகள் எகிப்துக்குள் புகுந்துவர, பிரிட்டிஷ் விமானப்படை ஒவ்வொரு ஓடுதளமாகக் காலிசெய்துகொண்டு பின்வாங்கியது. பழுதான விமானத்தை விட்டுவிட்டுப் போனால் எதிரி கைக்குப் போய்விடும். பறக்கிற நிலையில் இருந்தால் எப்படியாவது ஓட்டிச் சென்றுவிட வேண்டும்.

28ஆம் தேதி அந்த வேலை டென்னிஸ் காப்பிங்குக்கு வந்தது. 260ஆவது ஸ்குவாட்ரனில் ஃப்ளைட் சார்ஜென்ட். வயது 24. இங்கிலாந்தின் சவுத்எண்ட் ஊர்க்காரர். சேதமடைந்திருந்த பி-40 கிட்டிஹாக் ஒன்றைப் பழுதுபார்க்கும் தளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். துணைக்கு இன்னொரு விமானமும் கிளம்பியது. வழியில் காப்பிங் தவறான திசையில் போவதைக் கவனித்த அந்த விமானி, சைகை காட்டிப் பார்த்தார். பலனில்லை. காப்பிங் பாலைவனத்தை நோக்கிப் போய் மறைந்தார்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2012இல், எண்ணெய் வளம் தேடி எகிப்தின் மேற்குப் பாலைவனத்துக்குள் போன போலந்துக்காரர் ஒருவர் கண்ணில் அந்த விமானம் பட்டது. பக்கத்து ஊருக்கே சுமார் 300 கிலோமீட்டர். ஈடி574 என்ற எண்ணை வைத்து, அது காப்பிங்கின் விமானம்தான் என்று அடையாளம் கண்டார்கள். வறண்ட காற்றில் உடற்பகுதி பெரிதாகக் கெடவில்லை. புரொப்பெல்லர் மட்டும் பிய்ந்து தனியே கிடந்தது. துப்பாக்கிகளில் குண்டுகள்கூட அப்படியே இருந்தன.

விமானத்தைவிட அதிகம் பேசியவை வெளியே கிடந்த பொருள்கள். இறக்கையோரம் பாராசூட் துணி. நிழலுக்காக விரித்திருக்க வேண்டும். ரேடியோவும் பேட்டரியும் கழற்றி எடுக்கப்பட்டிருந்தன. ஆக, தரையில் மோதியதில் அவர் சாகவில்லை. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறார், ரேடியோவில் யாரையாவது பிடிக்க முயன்றிருக்கிறார். விழுந்த விமானத்தை விட்டு நகரக் கூடாது என்பது பாலைவன விமானிகளுக்குச் சொல்லப்படும் பாலபாடம். வானிலிருந்து தேடுபவர்களுக்கு மனிதனைவிட விமானம்தான் சுலபமாகக் கண்ணில் படும். ஆனால், படையே பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, அவர் போகவே வேண்டியிராத திசையில் தேட யார் வருவார்கள்? ஜூன் மாத வெயிலில் எவ்வளவு நேரம் காத்திருந்தார், எப்போது நடக்கத் தொடங்கினார் என்பதற்கு அந்த மணலில் சாட்சி இல்லை. சில கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்த எலும்புகள் அவருடையவை என்று உறுதியாகவில்லை.

விமானத்தைப் பாலைவனத்திலிருந்து எடுத்துச் சென்றார்கள். பிறகு அது எல் அலமைன் போர் அருங்காட்சியகத்துக்குப் போய், புது வண்ணம் பூசிக்கொண்டது. பழைய விமானங்களை நேசிப்பவர்கள் அந்த வண்ணத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். அதே எல் அலமைனில், கல்லறை இல்லாத வீரர்களுக்கான நினைவுச் சுவரில் காப்பிங்கின் பெயரும் இருக்கிறது. விமானம் கிடைத்த பிறகும் அவர் காணாமற்போனவர் பட்டியலிலேயே இருக்கிறார்.

அடுத்த வாரம்: 'குட்டி இளவரசன்' எழுதியவர் கடைசியாக ஓட்டிய விமானம் மார்செய் கடலில் எப்படி அகப்பட்டது?

(தொடரும்)